கணினி யாருடைய சொல்லைக் கேட்கிறது?

வங்கி, வைத்தியசாலை, துறைமுக அலுவலகம், பாடசாலை ஆய்வுகூடம் என எங்கே போனாலும் இன்று கணினிகள் தனித்தனியாக இயங்குவதில்லை. ஒரு வலையமைப்பில் சேர்ந்து இயங்குகின்றன. அவற்றை மேற்பார்வை செய்ய ஒரு முகாமைத்துவச் சேவையகம் இருக்கும். எந்தக் கணினியில் எந்த மென்பொருள் இருக்க வேண்டும், வைரஸ் தடுப்பு எப்போது புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதையெல்லாம் அதுவே சொல்லும். மற்றக் கணினிகள் சேவைப்பயனர்கள். அவை குறித்த நேரத்துக்கு ஒருமுறை சேவையகத்தைத் தொடர்புகொண்டு, “எனக்கு ஏதும் கட்டளை உண்டா?” என்று கேட்கும்.

வெளிக்கடலில் இருந்து நமது திருகோணமலைத் துறைமுகத்துக்குள் வரும் பெரிய கப்பலில் ஒரு பைலட் ஏறி வழிகாட்டுவதை நாம் அறிவோம். பைலட் வராவிட்டால் கப்பல் வெளியே காத்து நிற்கும். ஆனால் பைலட் என்று சொல்லிக்கொண்டு வேறொருவர் ஏறிவிட்டால்? கணினிக்கும் இதே நிலை வரலாம். பதிலே வராத இடத்தைவிட, தவறான பதில் வரும் இடம்தான் ஆபத்தானது.

என் ராத்தா கற்பிக்கும் ஒரு கணினி நிலையத்தில், விடுமுறையின்போது இதை நேரிலே பார்க்கக் கிடைத்தது. அங்கே 20 கணினிகள். புதிய சேவையகம் பொருத்திச் சில மாதங்கள் ஆகியிருந்தன. ஆனால் அதன் பட்டியலில் 14 கணினிகளே தெரிந்தன. மீதி 6 எங்கே? அவை மேசையில்தான் இருந்தன. பிள்ளைகள் தட்டச்சுச் செய்தார்கள், இணையம் பார்த்தார்கள். “நெட் வேலை செய்யுதே, பிறகென்ன?” என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். வைரஸ் தடுப்பு மென்பொருளைத் திறந்து பார்த்தபோதுதான் விசயம் விளங்கியது. அந்த ஆறிலும் கடைசிப் புதுப்பிப்பு பல மாதங்களுக்கு முந்தியது. அதே கணினிகளில்தான் பிள்ளைகள் தங்கள் செயற்றிட்டங்கள் உள்ள பென் டிரைவ்களைச் செருகி எடுத்தார்கள்.

பிழையைத் தேடும்போது முதல் விதி, சேவையகத்தின் பக்கம் மட்டும் நின்று பார்க்கக் கூடாது என்பது. சேவைப்பயனர்க் கணினியின் முன் உட்கார்ந்து, “உன் சேவையகம் யார் என்று நீ நினைக்கிறாய்?” என்று அதனிடமே கேட்க வேண்டும்.

முதலாவதாக, மென்பொருளின் அமைப்புகளைப் பார்த்தோம். மூன்று கணினிகளில் பழைய சேவையகத்தின் முகவரியான 192.168.1.5 என்ற எண்ணே எழுதப்பட்டிருந்தது. ஒரு கணினியை ஆயத்தம் செய்து அதை அப்படியே மற்றவற்றுக்குப் பிரதி எடுக்கும்போது இவ்வாறு நடக்கும். மூலத்தில் உள்ள பழைய முகவரி எல்லாப் பிரதிகளுக்கும் போய்விடும். எண்ணை நீக்கிப் புதிய சேவையகத்தின் பெயரைக் கொடுத்ததும் மூன்றும் பட்டியலுக்கு வந்தன. எண்ணை எழுதுவதைவிடப் பெயரை எழுதுவது நல்லது. சேவையகம் மாறினாலும் பெயருக்குரிய எண்ணை ஓரிடத்தில் மாற்றினால் போதும்.

இரண்டாவதாக, இன்னும் இரண்டு கணினிகளில் பெயர் சரியாகவே இருந்தது. ஆனாலும் அவை பழைய சேவையகத்துக்கே போயின. பெயரை எண்ணாக மாற்றித் தருவது ஆள்களப் பெயர் முறைமை, அதாவது டீ.என்.எஸ். இங்கே இரண்டு கட்டளைகள் உதவும். ‘என்.எஸ்.லுக்அப்’ என்ற கட்டளை டீ.என்.எஸ். சேவையகத்திடம் நேரடியாகக் கேட்கும். ‘பிங்’ என்ற கட்டளையோ கணினி தன்னிடமே வைத்திருக்கும் குறிப்புகளை முதலில் பார்க்கும். முதலாவது 192.168.1.10 என்ற சரியான எண்ணைத் தந்தது. இரண்டாவது பழைய 192.168.1.5 ஐத் தந்தது. ஆகவே பிழை அந்தக் கணினிக்கு உள்ளேதான். தற்காலிக நினைவை ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையின் ‘ஃப்ளஷ் டீ.என்.எஸ்.’ தெரிவால் அழித்தும் மாற்றமில்லை. கடைசியில் ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற சிறிய கோப்பில், யாரோ எப்போதோ எழுதிவைத்த ஒரு வரி அகப்பட்டது. டீ.என்.எஸ். 1983இல் உருவாகும் முன்னர் முழு வலையமைப்புக்கும் இப்படி ஒரு கோப்புத்தான் பெயர்ப் பட்டியலாக இருந்தது. அதன் வாரிசு இன்றும் ஒவ்வொரு கணினியிலும் இருக்கிறது. அதன் சொல்லைக் கணினி மறுபேச்சின்றிக் கேட்கும்.

மூன்றாவதாக, எஞ்சியது ஒன்று. ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையை ‘ஆல்’ தெரிவுடன் இயக்கியபோது அதன் முகவரி 192.168.0 என்று தொடங்கியது. மற்றவை எல்லாம் 192.168.1 என்று தொடங்குபவை. வலையமைப்பில் இணையும் கணினி, “எனக்கு முகவரி தருபவர் யார்?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூவும். அதற்குப் பதில் சொல்வது டீ.எச்.சீ.பி. சேவையகம். அப்படி இரண்டு பேர் இருந்தால், பெரும்பாலும் முந்திப் பதில் சொன்னவரையே கணினி ஏற்கும். அங்கே யாரோ சிம் போட்டுப் பாவிக்கும் ஒரு ரவுட்டரைக் கொண்டுவந்து சுவரில் உள்ள துளையில் செருகியிருந்தார்கள். அது இணையத்தைக் கொடுத்தது, நிலையத்தின் சேவையகத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அதைக் கழற்றி, கணினிக்குப் புதிய முகவரி பெற்றுக் கொடுத்ததும் பட்டியலில் 20 தெரிந்தது.

இவ்வளவு காலம் ஏன் ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை? பழைய சேவையகம் கோப்புகள் வைப்பதற்காக ஒரு மூலையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து கணினிகள் அதனிடம் கேட்டன. அதுவும் “புதிதாக ஒன்றுமில்லை” என்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. எனவே சேவையகத்தை மாற்றுபவர்கள், பழையதில் அந்தச் சேவையை நிறுத்திவிட வேண்டும். திருத்திய பின்னர், சேவையகத்தின் பட்டியலில் ஒவ்வொரு கணினியும் ‘கடைசியாகத் தொடர்புகொண்ட நேரம்’ இன்றைய தேதியாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சேவையகம் தன்னை இன்னாரென்று நிரூபிக்கும் இலத்திரனியல் சான்றிதழைப் பரிசோதிக்கும்படி மென்பொருளை அமைத்தால், அந்நியச் சேவையகம் சொல்வதைக் கணினி ஏற்காது.

கணினி நிலையத்தில் நடந்தது கவனயீனம். இதையே களவுக்குப் பயன்படுத்தியவர்களும் உண்டு. ‘டீ.என்.எஸ். சேஞ்சர்’ என்ற தீய மென்பொருள் 100க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 40 இலட்சம் கணினிகளின் டீ.என்.எஸ். அமைப்பை மாற்றி, அவற்றைக் கள்வர்களின் சேவையகங்களிடம் கேட்க வைத்தது. 2011 நவம்பரில் எஸ்தோனியாவில் ஆறு பேர் கைதானார்கள். அந்தச் சேவையகங்களை உடனே நிறுத்தியிருந்தால் இத்தனை கணினிகளும் இணையத்தை இழந்திருக்கும். ஆகவே நீதிமன்ற அனுமதியுடன் அவற்றின் இடத்தில் நல்ல சேவையகங்கள் வைக்கப்பட்டு, 2012 ஜூலை 9 வரை இயக்கப்பட்டன.

நமது நாட்டிலும் 2021 பெப்ரவரி 6ஆம் திகதி காலையில், ‘டொட் எல்கே’ என்று முடியும் சில முகவரிகளுக்குப் போனவர்கள் வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டார்கள். கூகுளின் இலங்கை முகவரியும் அவற்றில் ஒன்று. மக்கள் சரியான பெயரைத்தான் தட்டச்சுச் செய்தார்கள். பெயருக்குரிய எண்தான் மாறியிருந்தது. அன்று தெரிந்தது சமூகப் பிரச்சினைகளைப் பேசும் ஒரு பக்கம். அதுவே வங்கியொன்றின் போலிப் பக்கமாக இருந்திருந்தால் எத்தனை பேரின் கடவுச்சொற்கள் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பெற்றோரே, உங்கள் வீட்டு ரவுட்டரும் ஒரு சிறிய டீ.எச்.சீ.பி. சேவையகம்தான். உங்கள் கைத்தொலைபேசியும் பிள்ளையின் மடிக்கணினியும் அது காட்டும் டீ.என்.எஸ். இடமே வழி கேட்கின்றன. வாங்கும்போது அதிலுள்ள நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டால், தெரிந்த எவரும் உள்ளே நுழைந்து அந்த வழியை மாற்றிவிடலாம். ஆகவே முதலில் அதை மாற்றுங்கள். வங்கித் தளம் திறக்கும்போது ‘சான்றிதழ் சரியில்லை’ என்று உலாவி எச்சரித்தால், ‘பரவாயில்லை’ என்று மேலே போகாதீர்கள். பரீட்சைப் பெறுபேறு பார்ப்பதற்கு வட்ஸ்அப்பில் வரும் இணைப்பை நம்பாமல், திணைக்களத்தின் முகவரியை நீங்களே தட்டச்சுச் செய்யுங்கள்.

சகோதரிகளே, வலையமைப்பு என்றால் அது ஆண்பிள்ளைகளின் வேலை என்று நம்மில் சிலர் ஒதுங்கிவிடுகிறோம். மேலே சொன்ன வேலைக்கு ஏணியில் ஏறவும் தேவையில்லை, பாரம் தூக்கவும் தேவையில்லை. மூன்று கட்டளைகளும், ஒவ்வொன்றாகக் கேட்டு விடைகளை எழுதிவைக்கும் பொறுமையும் போதும். உயர்தரப் பாடப்புத்தகத்தில் நாம் மனனம் செய்யும் ஐ.பி. முகவரியும் டீ.என்.எஸ். உம் வெறும் புள்ளிக்கான விடைகள் அல்ல. நம் வீட்டிலும் வேலைத்தலத்திலும் உள்ள கணினி சரியானவரிடம்தான் கேட்கிறதா என்று அறிய அவையே நமக்குக் கருவி.