அகவொளியும் நண்பர் சங்கமும்

1643ஆம் ஆண்டு இங்கிலாந்திலே மன்னரின் படையும் பாராளுமன்றத்தின் படையும் பொருதிக்கொண்டிருந்த காலம். லெஸ்டர்ஷயர்ப் பகுதியிலே சந்தைக்குச் சென்றிருந்த பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன், உறவினன் ஒருவனோடும் மற்றுமொரு தோழனோடும் மது அருந்த அமர்ந்தான். மூவரும் சமயப் பற்றுடையோர் எனப் பெயர் பெற்றவர்களே. தாகம் தீர அருந்தியபின்னும் மற்றை இருவரும் எழவில்லை. மேலும் குடிக்க மறுப்பவன் எவனோ அவனே முழுப்பணத்தையும் கொடுக்கவேண்டும் என்று அவர்கள் கூறினர். இளைஞன் ஒரு வெள்ளிக்காசை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறினான். அன்றிரவு அவனுக்கு உறக்கம் வரவில்லை. வாயிலே சமயமும் வாழ்விலே வேறொன்றுமாக மனிதர் இருப்பது ஏன் என்னும் கேள்வி அவனை வருத்தியது. சில காலத்துள் அவன் வீட்டைவிட்டுப் புறப்பட்டான்.

அந்த இளைஞரே பிற்காலத்தில் நண்பர் சங்கம் என்னும் சமயக் குழுவைத் தோற்றுவித்த ஜோர்ஜ் பொக்ஸ். 1624இல் நெசவாளர் ஒருவரின் மகனாகப் பிறந்து, சப்பாத்துத் தைப்பவர் ஒருவரிடம் தொழில் பயின்றவர். உயர்கல்வி பெற்றவரல்லர்.

வீட்டைவிட்டுச் சென்ற பொக்ஸ் ஊரூராக அலைந்தார். கற்றறிந்த குருமார் பலரை அணுகித் தம் துயரத்தைக் கூறினார். ஒருவர் புகையிலை பிடிக்குமாறும் சங்கீதம் பாடுமாறும் சொன்னார். மற்றொருவரோடு தோட்டத்தில் உரையாடுகையில் பொக்ஸின் கால் தவறிப் பூப்பாத்தியில் பட்டது. குருவானவர் அதற்காகவே கோபங்கொண்டு பேச்சை முறித்தார். நான்கு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. மனிதரிடம் வைத்த நம்பிக்கை முற்றும் அற்றுப்போன நிலையில், 1647இல், தம் உள்ளத்தின் நிலையை அறிந்து பேசவல்லவர் கிறிஸ்து ஒருவரே என்று தமக்குள்ளே ஒரு குரல் கூறக் கேட்டதாக அவர் எழுதியுள்ளார். அதனைக் கேட்டதும் அவருடைய நெஞ்சு மகிழ்ச்சியால் துள்ளியது.

இந்த அநுபவத்திலிருந்து அவர் கண்ட உண்மை யாது? இறைவனின் ஒளி ஒவ்வொரு மனிதரின் உள்ளத்திலும் உண்டு. அதனைப் பெறப் பட்டமும் பதவியும் வேண்டியதில்லை. ஆணும் பெண்ணும் அவ்வொளியின் முன் சமம் என்பதே. இக்கொள்கையிலிருந்து நடைமுறைகள் பல பிறந்தன. அவரைச் சார்ந்தோர் மேலோர்முன் தொப்பியைக் கழற்றவில்லை. என்றும் உண்மையே பேசவேண்டியவர் நீதிமன்றத்தில் மாத்திரம் சத்தியஞ்செய்வது எதற்கு என்று கூறிச் சத்தியஞ்செய்ய மறுத்தனர். 1650இல் டார்பி நகர நீதவான் முன் நிறுத்தப்பட்ட பொக்ஸ், இறைவனின் வார்த்தைக்கு நடுங்குமாறு அவருக்கே கூறினார். அந்த நீதவான் ஏளனமாக இட்ட பெயரே குவேக்கர், அதாவது நடுங்குவோர், என்பது. அவர்கள் தம்மை அழைத்துக்கொண்ட பெயரோ நண்பர்கள் என்பதே.

ஒருவர் உள்ளத்தில் எழுந்த ஒளி ஒரு சமூகமாக மாறியது 1652இல். அவ்வாண்டு பொக்ஸ் லங்காஷயரிலுள்ள பெண்டில் மலைமீது ஏறி நின்றபோது, பெருந்திரளான மக்கள் ஒன்றுசேரக் காத்திருப்பதாக அவருக்குத் தோன்றியது. சில வாரங்களுள், வடபகுதியில் பேர்பாங்க் பெல் என்னும் குன்றிலே ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு மூன்று மணிநேரம் உரையாற்றினார். அங்கிருந்தோரிற் பலர் தேவாலயங்களில் நிறைவு காணாது, தேடுவோர் என்னும் பெயருடன் ஏற்கெனவே சிறு குழுக்களாகக் கூடிவந்தவர்கள். காய்ந்த விறகிலே தீப்பொறி விழுந்ததுபோலாயிற்று.

அதன்பின் அவர் சுவார்த்மூர் மாளிகைக்கு வந்தார். அது நீதிபதி தோமஸ் பெல் என்பவரின் இல்லம். நீதிபதி அப்போது வெளியூரில் இருந்தார். அவருடைய மனைவியார் மார்கிரட் பெல், தேவாலயத்தில் பொக்ஸ் பேசியதைக் கேட்டு, வேதத்தின் சொற்களையே அறிந்தோம், பொருளை உள்ளத்தில் அறிந்திலோமே என்று இருந்த இடத்திலேயே அழுதார். நீதிபதி திரும்பியபின் தாம் அச்சங்கத்திற் சேராவிடினும், கூட்டங்கள் தம் இல்லத்திலேயே நடைபெற இசைந்தார்.

நண்பர் சங்கத்தின் வரலாற்றில் பொக்ஸ் அளவுக்குப் போற்றத்தக்கவர் இந்த அம்மையாரே. நாடெங்கும் நடந்து சென்ற போதகர்கள் தாம் கண்டதையும் பட்டதையும் சுவார்த்மூருக்கு எழுதினர். அம்மையார் அவற்றைப் படித்து, வேண்டியவற்றுக்குப் பிரதி எடுப்பித்து மற்றையோருக்கு அனுப்பினார். சிறையில் வாடியோருக்கு ஆறுதல் எழுதினார். 1654இல் போதகர்களின் செலவுக்கும் சிறைப்பட்டோரின் தேவைக்குமாகக் கெண்டல் நகரை மையமாகக்கொண்டு ஒரு நிதி திரட்டப்பட்டது. ஒருவரையொருவர் நேரிற் காணாதவர்கள் இக்கடிதங்களால் ஒரே குடும்பத்தவராயினர். அக்கடிதங்களிற் பெருந்தொகையானவை இன்றும் இலண்டனிலே பேணப்படுகின்றன.

ஆயினும் ஒரு கடினமான கேள்வி எஞ்சி நின்றது. ஒவ்வொருவரின் உள்ளத்திலும் ஒளி உண்டென்றால், ஒளி எது, மயக்கம் எது என்று பகுத்தறிவது எவ்வாறு? 1656இல் இக்கேள்வி பெருந்துன்பமாக வந்து சேர்ந்தது. பொக்ஸுக்கு அடுத்த நிலையில் விளங்கிய நாவன்மை மிக்க போதகர் ஜேம்ஸ் நெய்லர். அவரைச் சூழ்ந்த சிலர் அவரையே கிறிஸ்துவுக்கு ஒப்பாகப் புகழத் தொடங்கினர். அவ்வாண்டு ஒக்டோபரில், கொட்டும் மழையில், நெய்லர் குதிரைமீது பிரிஸ்டல் நகருக்குள் வர, உடன்வந்தோர் பரிசுத்தர் என்று பாடிக்கொண்டு வந்தனர். கிறிஸ்து எருசலேம் புகுந்த காட்சியை அது நினைவூட்டிற்று. பாராளுமன்றமே அவரை விசாரித்தது. மரணதண்டனை 96க்கு 82 என்னும் வாக்குகளால் மயிரிழையில் தவிர்க்கப்பட்டது. அவரைச் சவுக்கால் அடித்து, நாக்கைத் துளைத்து, நெற்றியிலே சூடிட்டுச் சிறையில் அடைத்தனர். விடுதலையான நெய்லர் தம் பிழையை உணர்ந்தார். பொக்ஸ் அவர்மீது நெடுங்காலம் மனங்கசந்திருந்தார். ஈற்றில் நண்பர்கள் முயன்று இருவரையும் ஒப்புரவாக்கினர். 1660இல் நெய்லர் மறைந்தார்.

இந்த நிகழ்ச்சி சங்கத்துக்குப் பெரும்பாடமாயிற்று. 1666இல் சிறையினின்று மீண்ட பொக்ஸ், அடுத்த ஆண்டுகளில் நாடெங்கும் சென்று மாதக்கூட்டங்களை நிறுவினார். பெண்களுக்கும் தனிக்கூட்டங்கள் அமைந்தன. ஒருவருக்கு உள்ளத்தில் ஓர் ஏவுதல் தோன்றினால் அவர் அதனைக் கூட்டத்தின்முன் வைப்பார். எல்லோரும் மௌனமாக அமர்ந்து அதனைச் சிந்திப்பர். வாக்கெடுப்பு இல்லை, பெரும்பான்மை சிறுபான்மையை அடக்குவதும் இல்லை. ஒருமித்த கருத்து உருவானதும், எழுத்தராக இருப்பவர் அதனை அங்கேயே எழுதி வாசிப்பார். கூட்டம் ஏற்றால் முடிவாகும், இல்லையேல் காத்திருப்பர். இதனாற் காலம் மிகச் செல்லும். ஒளியைத் தளையிடுகிறீர்கள் என்று அந்நாளிலேயே சிலர் முறையிட்டுப் பிரிந்தும் போயினர். ஆயினும் தனிமனிதரின் உணர்வை அவமதியாமலும் அதற்கு அடிமையாகாமலும் இருக்க அவர்கள் கண்ட வழி இது.

வெளியிலிருந்து வந்த சோதனையும் சிறிதன்று. 1662இல் இயற்றப்பட்ட சட்டம், சத்தியஞ்செய்ய மறுத்தலையும் ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ ஆன குவேக்கர் வழிபாட்டுக்குக் கூடுதலையும் குற்றமாக்கியது. ஆயிரக்கணக்கானோர் சிறைபுகுந்தனர், மார்கிரட் அம்மையாரும் ஆண்டுகள் சிலவற்றைச் சிறையிற் கழித்தார். 1682இல் பிரிஸ்டலில் பெரியோரெல்லாம் சிறைப்பட்டபோது, பிள்ளைகளே கூடி வழிபாட்டைத் தொடர்ந்து நடத்தினர். பெரியவர் ஒருவரை மாத்திரம் நம்பி நின்ற கூட்டமாயின் அது அன்றே கலைந்திருக்கும்.

நீதிபதி பெல் 1658இல் காலமானார். 1669இல் பொக்ஸும் மார்கிரட் அம்மையாரும் மணம்புரிந்தனர். அம்மையாரின் சொத்தில் தமக்கு உரிமை வேண்டாம் என்று பொக்ஸ் முன்னதாகவே அவருடைய மக்களுக்கு உறுதியளித்தார். 1689இல் வழிபாட்டுச் சுதந்திரம் அளிக்கும் சட்டம் வந்தது. 1691இல் பொக்ஸும் 1702இல் அம்மையாரும் இறைவனடி சேர்ந்தனர்.

அவர்கள் மறைவோடு சங்கம் மறையவில்லை. 1947இல் போர்த்துயர் துடைத்த பணிக்காகப் பிரித்தானிய, அமெரிக்கக் குவேக்கர் நிறுவனங்கள் இரண்டுக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. இன்று குவேக்கர் மிகுதியாக வாழும் நாடு கென்யா. அங்கே போதகரும் பாடலும் உடைய வழிபாடே பெரிதும் நடைபெறுகின்றது. பிரித்தானியாவிலோ மௌன வழிபாடு நிலைத்துள்ளது.

சந்தையிலே காசை வைத்துவிட்டு எழுந்துசென்ற இளைஞர் தனியாகவே நடந்தார். நான்கு ஆண்டுகள் தனியாகவே தேடினார். கண்டதைப் பேணிக் காத்ததோ, கடிதம் எழுதியவர்களும், சிறையிலிருந்தோரின் பசியை ஆற்றியவர்களும், சற்றுப் பொறுங்கள், கூடிச் சிந்திப்போம் என்று சொல்லத் துணிந்தவர்களுமே. ஞானம் ஒருவருக்குத் தனிமையில் வாய்க்கலாம்; அது நேரிய ஞானமா என்று அறிவதற்கு அயலவர் வேண்டும் என்பதே நண்பர் சங்கத்தின் வரலாறு உணர்த்தும் செய்தியாகும்.