பயிருக்கு ஏற்ற நீர் குடிக்கவும் ஏற்றதா?

பெரியகுளம் நகருக்குச் சோத்துப்பாறை அணையிலிருந்து குடிநீர் வருகிறது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் மாந்தோப்பிலும் தென்னந்தோப்பிலும் வீடு கட்டிக் குடியிருக்கும் குடும்பங்கள் பலவற்றுக்குத் தோட்டத்துக் கிணறோ ஆழ்துளைக் கிணறோதான் கதி. பயிருக்குப் பாய்வதும் அதே நீர். வீட்டில் குடிப்பதும் அதே நீர்.

பாசன நீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து ஆய்வு செய்துகொள்ளும் விவசாயிகள் உண்டு. அங்கு உப்பின் அளவு, கார அமில நிலை போன்றவை பார்க்கப்படுகின்றன. பாசனத்துக்கு ஏற்றது என்று முடிவு வந்தால், குடிக்கவும் ஏற்றது என்று பொருள் அல்ல. குடிப்பவரைக் கெடுக்கும் ஈயமும் நோய்க் கிருமிகளும் அந்தச் சோதனையில் தெரிவதில்லை. நாக்குக்கும் தெரியாது. கண்ணாடிபோல் தெளிந்த, சுவையான நீரிலும் இவை இருக்கலாம்.

நைட்ரேட்

தழைச்சத்து உரத்தை அளவுக்கு மேல் இட்டு, நீரையும் அதிகமாகப் பாய்ச்சினால், பயிர் எடுத்தது போக மிச்சம் நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரில் இறங்கும். எருக்குழி, மாட்டுத் தொழுவம், கழிப்பறைக் குழி ஆகியவை கிணற்றின் அருகில் இருந்தாலும் இதே விளைவுதான். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு.

ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கே இதனால் பெரும் ஆபத்து. நைட்ரேட் மிகுந்த நீரில் பால் மாவு கரைத்துக் கொடுத்தால், இரத்தம் பிராணவாயுவை எடுத்துச் செல்லும் சக்தியை இழக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். உயிருக்கே கேடு நேரலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடவே செய்யும்.

ஈயம்

ஈயம் கிணற்று நீரில் இருப்பதைவிட, குழாயிலும் பாத்திரத்திலும் இருந்து சேர்வதே அதிகம். பழைய பித்தளைக் குழாய்களில் ஈயம் உண்டு. பி.வி.சி. குழாய் தயாரிப்பிலும் ஈயக் கலவை சேர்க்கப்பட்டு வந்தது. அதைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2021ல் விதி வகுத்தது. அதற்கு முன் பதித்த குழாய்கள் பல தோட்டங்களில் இன்னும் உள்ளன. பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூசும்போது வெள்ளீயமே பூச வேண்டும். காரீயம் கலந்து பூசினால் அது நீரில் கரையும். புளி சேர்ந்தால் இன்னும் அதிகமாகக் கரையும்.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குறைக்கும். நேர்ந்த பாதிப்பு சரியாவதில்லை. லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 100 லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பதே மேல் எல்லை.

நீர் எடுக்கும் முறை

1. நைட்ரேட், புளோரைடு, உப்பு முதலியவற்றுக்கு: மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே நீரில் கேனை மூன்று முறை அலசி, இரண்டு லிட்டர் பிடிக்க வேண்டும். பூச்சிமருந்து, மண்ணெண்ணெய் இருந்த கேன் அறவே ஆகாது.

2. ஈயத்துக்கு முறை வேறு. இரவு முழுவதும் குழாயைத் திறக்காமல் வைத்து, விடிந்ததும் வரும் முதல் ஒரு லிட்டரைப் பிடிக்க வேண்டும். ஐந்து நிமிடம் நீரை ஓடவிட்டு, மற்றொரு பாட்டிலில் இரண்டாவது மாதிரி எடுக்க வேண்டும். முதலாவதில் மட்டும் ஈயம் மிகுந்திருந்தால் குற்றம் குழாயில். இரண்டிலும் மிகுந்திருந்தால் கிணற்றையும் தொட்டியையும் பார்க்க வேண்டும்.

3. கிருமிச் சோதனைக்கு ஆய்வுக்கூடம் தரும் சுத்திகரித்த பாட்டிலே தேவை. அதை அலசக் கூடாது. மூடியின் உட்புறத்தில் கை படக் கூடாது. ஐஸ் வைத்து அன்றே சேர்ப்பித்துவிட வேண்டும்.

ஒவ்வொரு மாதிரியிலும் பெயர், ஊர், கிணற்றின் ஆழம், எடுத்த நாள், நேரம் ஆகியவற்றை எழுதி ஒட்டவும்.

எங்கே கொடுப்பது?

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட நீர் ஆய்வுக்கூடத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். ஊராட்சிகளுக்கு வழங்கப்பட்ட சோதனைப் பெட்டியில் நைட்ரேட், புளோரைடு போன்றவை தெரியும், ஈயம் தெரியாது. ஈயத்துக்குத் தனிக் கருவி வேண்டும் என்பதால், அந்த வசதி உண்டா என்று கேட்டுக்கொண்டு மாதிரி எடுப்பது நல்லது.

முடிவு வந்த பின்

நைட்ரேட் மிகுந்திருந்தால் கைக்குழந்தைக்கு வேறு நீர் தேட வேண்டும். எருக்குழியைக் கிணற்றிலிருந்து 50 அடிக்கு அப்பால் மாற்றி, தழைச்சத்தைப் பல தவணையாகப் பிரித்து இட வேண்டும். குழாயில் ஈயம் இருந்தால், மாற்றும் வரை காலையில் முதலில் வரும் நீரைக் குடிக்காமல் செடிகளுக்கு விடலாம். கிருமி இருந்தால் கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் இட்டு, நீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும்.

இரசாயனச் சோதனையை ஆண்டுக்கு ஒரு முறையும், கிருமிச் சோதனையைக் கோடையில் ஒரு முறை, ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் ஒரு முறையும் செய்வது நலம். உரமிடும் முன் மண்ணைச் சோதிக்கும் விவசாயி, குழந்தைக்குக் கொடுக்கும் நீரையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.