சிகிச்சை முடிந்தபின் தொடரும் மாத்திரை

அறுவை சிகிச்சை, கீமோதெரபி, கதிர்வீச்சு யாவும் முடிந்து தலைமுடி மீண்டும் வளரத் தொடங்கும் காலத்தில், "நோய்தான் போய்விட்டதே, இன்னும் எதற்கு மாத்திரை?" என்ற எண்ணம் எழுவது இயல்பு. வீட்டாரும் சில வேளைகளில் அதை ஆமோதிப்பதுண்டு.

விடை, முதலில் எடுத்த திசுப் பரிசோதனை அறிக்கையிலேயே இருக்கிறது. அதில் 'ஈ.ஆர். பாசிட்டிவ்' என்று குறிப்பிடப்பட்டிருந்தால், அந்தப் புற்றணுக்கள் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் தூண்டுதலால் வளர்பவை என்று பொருள். மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவையே. ஸ்கேனுக்கும் புலப்படாத சில அணுக்கள் சிகிச்சைக்குப் பின்னும் உடலில் உறங்கிக் கிடக்கக்கூடும். பத்தாண்டுகள் கழித்தும் அவை விழித்தெழலாம். டாமாக்சிஃபென் மாத்திரை, ஹார்மோன் அந்த அணுக்களைச் சென்று பற்றாதபடி தடுக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பெரும்பாலும் தரப்படும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் ஆகியவை ஈஸ்ட்ரோஜன் உண்டாவதையே குறைக்கின்றன. இதனால்தான் குறைந்தது 5 ஆண்டுகள், சிலருக்கு 10 ஆண்டுகள்வரை மாத்திரை தொடர்கிறது. 5 ஆண்டுகள் டாமாக்சிஃபென் உட்கொள்வதால் இந்நோயால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அன்றாடம் விழுங்கும் ஒரு சிறு மாத்திரைக்கு இது அரிய பலன்.

எனினும் பலர் இதனை இடையில் நிறுத்திவிடுகின்றனர். அதையும் மருத்துவரிடம் சொல்வதில்லை. திடீரென உடல் தகிப்பது, இரவு வியர்வை, மூட்டுவலி, பிறப்புறுப்பு வறட்சி ஆகியவற்றைப் பேசக் கூச்சம். கூசாமல் கூறுங்கள். மருந்தை மாற்றவும் தொல்லையைத் தணிக்கவும் வழிகள் உண்டு. மூட்டுவலிக்கு நாள்தோறும் நடப்பதே நல்ல துணை. லெட்ரோசோல் எலும்பை மெலியச் செய்யும் என்பதால் எலும்பு அடர்த்திப் பரிசோதனையைத் தவறவிடலாகாது.

டாமாக்சிஃபென் உட்கொள்வோர், மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு கண்டால் விரைவில் மருத்துவரைக் காண வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், அல்லது திடீர் மூச்சுத்திணறல் தோன்றினால் ஒரு நாளும் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வருக. இம்மருந்துக் காலத்தில் கருத்தரித்தல் கூடாது. மனச்சோர்வுக்கான சில மருந்துகள் டாமாக்சிஃபெனின் ஆற்றலைக் குறைக்கும். ஆகவே வேறு மருத்துவரிடம் செல்லும்போது மாத்திரை அட்டையை உடன் கொண்டு செல்லுங்கள்.

முதல் மூன்று ஆண்டுகளில் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை நேரில் பரிசோதனையும், ஆண்டுதோறும் மேமோகிராமும் வேண்டும். அறிகுறி ஏதுமில்லாதவருக்கு அடிக்கடி பெட் ஸ்கேன் தேவையில்லை. மருத்துவர் அதை எழுதித் தராதது அலட்சியமன்று.

மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே வாங்கி வைப்பதை வீட்டில் ஒருவர் பொறுப்பாக ஏற்கலாம். ஒரு நாள் மறந்துவிட்டால், மறுநாள் இரண்டாகச் சேர்த்து விழுங்க வேண்டாம். வழக்கமான ஒன்றே போதும்.