சுரண்டிய பின்

1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணம் கோட்டை வீழ்ந்தது. திப்பு சுல்தான் அன்றே இறந்தார். அரண்மனையில் இசைக்கருவிகள் இருந்த அறையில், மரத்தால் செய்த புலி ஒன்றை ஆங்கிலேயப் படையினர் கண்டெடுத்தார்கள். நீளம் சுமார் 1.7 மீட்டர். புலிக்குக் கீழே ஓர் ஐரோப்பியன் மல்லாந்து கிடக்கிறான். பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் உள்ளிருக்கும் துருத்திகள் இயங்கும். புலி உறுமும். மனிதன் அலறுவான், அவனுடைய இடது கை ஏறி இறங்கும். புலியின் விலாவில் ஒரு மூடி உண்டு. அதைத் திறந்தால் தந்தத்தில் செய்த கட்டைகள். அவற்றுக்குப் பின்னால் இரண்டு வரிசைகளில், வரிசைக்கு 18 வீதம் 36 குழாய்கள். பொம்மையின் வயிற்றுக்குள் ஓர் ஆர்கன் இருந்தது.

அதன் பின்னணியில் திருவிதாங்கூரும் உண்டு. 1789 டிசம்பர் இறுதியில் திருவிதாங்கூரின் வடக்கு எல்லை அரணான நெடுங்கோட்டையைத் திப்பு தாக்கினார். அதிலிருந்து மூன்றாம் மைசூர்ப் போர் மூண்டது. 1792இல் அவர் நாட்டின் பாதியை இழந்தார். இரண்டு மகன்களைப் பிணையாகக் கொடுத்தார். புலி அந்த 1790களில் செய்யப்பட்டது என்பதே பொதுவான கணிப்பு.

1808 முதல் அது லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகத்தில், வாசிப்பறையில் வைக்கப்பட்டது. வந்தவர் எவரும் கைப்பிடியைச் சுற்றலாம். சுற்றினார்கள். படிக்க வந்தவர்கள் அந்த அலறலைப் பற்றிப் புகார் சொன்னார்கள். 1843 வாக்கில் கருவி பழுதாகிவிட்டது, பார்க்க வருவோர் எதிர்பார்ப்பது நடப்பதில்லை என்று எழுதப்பட்டது. பிறகு கைப்பிடியே காணாமல் போனது. 1880இல் புலி இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியக் குண்டு விழுந்து, மேலிருந்த கூரை சரிந்தது. மரக்கூடு பல நூறு துண்டுகளாக உடைந்தது. துண்டுகளை ஒட்டினார்கள். 1947இல் மறுபடி காட்சிக்கு வைத்தார்கள்.

குண்டைத் தாங்கிய புலியைத் திருத்தும் கைகள் வேறு வகையில் பாதித்தன. இயந்திர இசைக்கருவிகளின் வரலாற்றாசிரியர் ஆர்தர் ஆர்ட்-ஹியூம் 1987இல் தம் முடிவை எழுதினார்: இங்கிலாந்துக்கு வந்த பிறகு இந்தக் கருவி இரக்கமின்றித் திருத்தப்பட்டிருக்கிறது, அது முதலில் இயங்கிய முறையில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. இரண்டு வரிசைக் குழாய்களையும் சேர்த்து ஒலித்தால் இன்று ஒரு மெல்லிய அதிர்வு கேட்கிறது. ஒரே சுரத்துக்குரிய இரு குழாய்களுக்கிடையே சுதி நூலிழை விலகியிருப்பதால் வருவது அது. செய்தவர் வேண்டுமென்றே வைத்ததா, பிற்காலத்தில் யாரோ சுதி சேர்த்ததால் நேர்ந்ததா என்பதை இனிக் கருவியைப் பார்த்துச் சொல்ல முடியாது. திப்பு கேட்ட ஒலி எது என்பதற்குச் சான்றாக இருந்த ஒரே பொருள் அந்தக் கருவி.

புலிக்குள் இருந்ததைப் போன்ற துருத்தியும் குழாயும் அடுத்த நூற்றாண்டில் ஐரோப்பாவின் திருவிழாத் திடல்களிலும் ஒலித்தன. குதிரை ராட்டினத்தின் நடுவிலோ பக்கத்திலோ நின்று, ஆள் வாசிக்காமல் தானே இசைக்கும் குழாய்ப்பெட்டிக்கு பேண்ட் ஆர்கன் என்று பெயர். முதலில் முள் பதித்த மர உருளை அதை இயக்கியது. பாரிஸின் கவியோலி நிறுவனம் 1892இல் துளையிட்ட அட்டைப் புத்தகத்தைப் புகுத்தியது. அமெரிக்காவின் வுர்லிட்ஸர் துளையிட்ட காகிதச் சுருளைப் பயன்படுத்தியது. மூன்றிலும் வேலை ஒன்றுதான்: துருத்தி காற்றை அழுத்தும், துளையோ முள்ளோ வால்வைத் திறக்கும், குழாய் ஒலிக்கும்.

இதில் எளிதில் கெடாத பொருள் என்று ஏறக்குறைய எதுவும் இல்லை. துருத்தி ஆட்டுத்தோல் அல்லது ரப்பர் பூசிய துணி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல், காற்றிலுள்ள கந்தகப் புகையை உறிஞ்சித் தனக்குள்ளேயே கந்தக அமிலம் ஆக்கிக்கொள்ளும். சிவந்த பொடியாக உதிரும். காகிதச் சுருள் மரக்கூழில் செய்தது. அதன் பதப்பொருளில் இருக்கும் அமிலம் அதையே நொறுக்கும். குழாய்கள் ஈயமும் தகரமும் கலந்தவை. ஜெர்மனியின் லூபெக் நகரில், புனித யாக்கோபு ஆலய ஆர்கனில் 1467ஆம் ஆண்டுக் குழாய்கள் உண்டு. ஐந்து நூற்றாண்டு தாங்கிய அவற்றில் அண்மைக் காலத்தில் துளைகள் விழத் தொடங்கின. ஆராய்ந்தபோது காரணம் வெளியிலிருந்து வரவில்லை என்று தெரிந்தது. ஆர்கனின் சொந்த மரம் வெளியிடும் அசிட்டிக் அமில ஆவி, அதாவது காடியின் ஆவி, ஈயத்தை அரித்துக்கொண்டிருந்தது. ஓக் மரம் இந்த ஆவியை அதிகம் விடும். பழைய ஓக்கைவிடப் புதிதாக அறுத்த ஓக் இன்னும் அதிகம் விடும். பழுதான பலகையை எடுத்துவிட்டுப் புதுப்பலகை வைப்பதுதான் எந்தத் தச்சரும் முதலில் செய்கிற காரியம்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பர்லிங்டன் என்ற சிற்றூரில் 1905இல் செய்த ராட்டினமும், 1909இல் செய்த வுர்லிட்ஸர் ஆர்கனும் இருக்கின்றன. பொருளாதாரப் பெருமந்தத்தில், 1931இல் ராட்டினத்தை மூடினார்கள். அந்தக் கட்டடத்தில் தானியமும் தீவனமும் அடுக்கினார்கள். தானியத்துக்கு எலி வந்தது. எலி ஆர்கனின் தோலையும் துணியையும் தின்றது. சில ஆண்டுகளில் குதிரைகள் மறுபடி சுற்றின. ஆர்கன் ஒலித்தது 1976இல்தான். ஆனாலும் பர்லிங்டன் ஒரு வகையில் பிழைத்தது. பணமில்லாத அந்த ஊர் ஆர்கனைப் பல பத்தாண்டுகள் தொடாமல் விட்டது. எலி தின்ற தோலை மாற்றலாம். ஒருவர் அரம் போட்டுத் தேய்த்த உலோகத்தை மாற்ற முடியாது. பழுதுபார்ப்பவர்கள் இந்த வேறுபாட்டைத்தான் கடைசியாகக் கற்கிறார்கள்.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் திருப்புறத்திலோ பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ பேண்ட் ஆர்கன் தேட வேண்டியதில்லை. அதன் நெருங்கிய உறவு தேவாலயங்களிலும் பழைய வீடுகளிலும் இருக்கிறது. காலால் மிதித்துத் துருத்தி ஊதும் மிதி ஆர்மோனியம் அது. 1842இல் பாரிஸில் தெபெயின் என்பவர் காப்புரிமை பெற்ற கருவி. மிஷனரிகளோடு இந்தியாவெங்கும் பரவியது. தென் திருவிதாங்கூரில் லண்டன் மிஷன் 1806இல் கால் வைத்தது. அதன் சபைகளில் பாட்டுக்குத் துணைநின்ற கருவிகளில் இதுவும் ஒன்று. இதில் குழாய்க்குப் பதிலாக ரீடு ஒலிக்கும். காற்றில் அதிரும் பித்தளை நாக்குதான் ரீடு. 61 கட்டை, இரண்டு வரிசை என்றால் 122 ரீடுகள்.

பிரிட்டனில் 19ஆம் நூற்றாண்டில் பரவலாக இருந்த உயர்ந்த சுதியில் 'ஏ' (A) எனப்படும் அடிப்படைச் சுரம் நொடிக்குச் சுமார் 452 அதிர்வு. பிரான்ஸ் 1859இல் சட்டம் போட்டு 435 என்று வைத்தது. இன்றைய மின்னணுக் கீபோர்டு 440. ஆகவே பழைய பிரிட்டிஷ் ஆர்மோனியம் கீபோர்டோடு சேராது. வித்தியாசம் ஒரு அரைச்சுரத்தில் ஏறக்குறையப் பாதி. சபைக்குக் கீபோர்டு வாங்கியதும் ஆர்மோனியத்தை 440க்கு இறக்கச் சொல்வது இயல்பு. ரீடின் சுதியை இறக்க அதன் அடியைச் சுரண்ட வேண்டும். ஏற்ற, நுனியைச் சுரண்ட வேண்டும். இரண்டிலும் உலோகம் போகிறது. அடி மெலிந்த ரீடு அதே இடத்தில் அலுத்து, ஒரு நாள் ஒடியும். ஒடிந்ததற்குப் பதில் வைக்கும் புது ரீடு வேறு கலவை, வேறு கனம். பக்கத்து ரீடோடு அதன் குரல் ஒட்டாது. அதை ஒட்டவைக்கப் பக்கத்து ரீடையும் சுரண்டுவார்கள்.

காலநிலை தனியாக வேலை செய்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். காற்றின் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை முளைக்கும். இங்கே ஆண்டின் பெரும்பகுதி அந்த அளவுக்கு மேல்தான். 85 சதவீத ஈரக்காற்றில் நிற்கும் மரம் தன் எடையில் ஏறத்தாழ 18 சதவீதம் நீரை வைத்திருக்கும். 50 சதவீதக் காற்றில் 9 சதவீதம். நூறாண்டு ஈரத்தில் நின்ற கருவியைக் குளிரூட்டிய அறைக்குள் கொண்டுவந்தால் அந்த 9 சதவீதம் வெளியேறுகிறது. 30 செ.மீ. அகலப் பலகை குறுக்குவாட்டில் 5 மி.மீ. அளவுக்குச் சுருங்கும். நான்கு புறமும் ஒட்டப்பட்ட பலகை சுருங்க முடியாது, பிளக்கும். காற்றறைப் பலகையில் தலைமயிர் அகல விரிசல் போதும், அழுத்தாத கட்டை ஒலிக்கத் தொடங்கும். கருவியைக் காப்பாற்றத்தான் அதைக் குளிர் அறைக்கு மாற்றியிருப்பார்கள்.

விரிசலை அடைக்க என்ன எடுக்கிறார்கள் என்பது அதைவிட முக்கியம். பழைய வேலையெல்லாம் வஜ்ஜிரம், அதாவது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை. சூடும் ஈரமும் பட்டால் அது இளகும். ஒட்டியதைச் சேதமின்றிப் பிரிக்கலாம். இரும்புச் சாமான் கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசை மரத்தின் நார்க்குள் ஊறிவிடும். ஒருமுறை அது ஊறிய இடத்தில் வஜ்ஜிரம் பிடிக்காது. அடுத்தமுறை துருத்தியை மாற்ற வேண்டிய காலம் வரும். தோலுக்கும் ரப்பர் துணிக்கும் ஆயுள் உண்டு. அப்போது பிரிக்க வழியில்லை. மரத்தோடு வெட்டி எடுக்க வேண்டும். இரண்டாம் பழுதுபார்ப்பில் கருவி எவ்வளவு மிஞ்சும் என்பதை முதல் பழுதுபார்ப்பில் எடுத்த பசை தீர்மானித்துவிடுகிறது.

இதுவரை சொன்னது கருவிக்கு நேர்வது. சுரண்டியது எங்கே போகிறது என்பது வேறு கணக்கு.

ராட்டினக் குதிரைகளுக்கும் ஆர்கன் முகப்புகளுக்கும் பளிச்சென்று வண்ணம் தந்தவற்றில் வெள்ளை ஈயம் முதன்மையானது. அமெரிக்கா வீட்டு வண்ணப்பூச்சில் ஈயத்தை 1978இல் 600 பிபிஎம் அளவுக்குக் கட்டுப்படுத்தியது. பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 2009இல் அதை 90 ஆக்கியது. இந்தியாவில் 90 பிபிஎம் வரம்பு வந்தது 2016 விதிகளில். நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1. அதற்கு முந்தைய எனாமல் பூச்சு எதையும் ஈயம் இல்லாதது என்று எடுத்துக்கொள்ள முடியாது. திருவிழா ராட்டினத்தின் குதிரைக்குப் பழைய பூச்சின்மேல் புதுப்பூச்சு ஏறும். அதற்குமுன் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். பெரும்பாலும் திறந்த வெளியில், கையுறை இல்லாமல், அதே துணியோடு வீட்டுக்குப் போகும்படி.

அளவு இது. அமெரிக்காவில் 2020 முதல் வீட்டுத் தரையில் ஈயத்தூசிக்கு வைத்த அபாய வரம்பு சதுர அடிக்கு 10 மைக்ரோகிராம். 2024இல் அதையும் இறக்கினார்கள். ஒரு கிராம் என்பது பத்து லட்சம் மைக்ரோகிராம். ஒரு கிராம் ஈயம் தூசாகிச் சமமாகப் படிந்தால், 1,00,000 சதுர அடித் தரையை அந்த வரம்புக்குக் கொண்டுபோகும். அதாவது ஆயிரம் சதுர அடியில் நூறு வீடுகள். ஒரு குதிரையின் மேல் இருக்கும் பூச்சைக் கிராமில் எடை போடுவதில்லை.

பழைய பூச்சைச் சூடேற்றி உரிப்பது இன்னும் மோசம். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். 600 டிகிரியை நெருங்கும் சூட்டில் அது புகையாகக் கலக்கும். அந்தச் சூட்டுக்கு மேல் போகும் வெப்பக்காற்றுக் கருவிகளைப் பழைய வீடுகளில் பயன்படுத்த அமெரிக்கா தடை விதித்திருக்கிறது. புகையை முகத்தில் கட்டிய கைக்குட்டை தடுக்காது. ஈரம் தெளித்துத் தேய்ப்பதும், வேலைத் துணியைப் பட்டறையிலேயே கழற்றுவதும், துடைத்த துணியைக் கட்டி அகற்றுவதும் செலவில்லாத வழிகள்.

ஒலியிலும் வரம்பு உண்டு. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வேலை செய்யலாம் என்பது அமெரிக்கத் தொழில்நல நிறுவனத்தின் பரிந்துரை. மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 94இல் ஒரு மணி நேரம். 100இல் 15 நிமிடம். திறந்த திடலில் கூட்டத்துக்கு மேல் கேட்கவே செய்யப்பட்டது பேண்ட் ஆர்கன். இன்று அந்த இடத்தில் ஒலிபெருக்கி நிற்கிறது. குழந்தை மூன்று சுற்று சுற்றிவிட்டு இறங்கிவிடும். ராட்டினம் சுற்றுகிறவர் இரவு முழுதும் நிற்கிறார்.

ஈயத்தில் குழந்தைக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனாலும், சிறு குழந்தையின் உடல் பெரியவரைப் போல 4 முதல் 5 மடங்கு உறிஞ்சும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்றும் அது சொல்கிறது. உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில், சுமார் 80 கோடிப் பேரிடம், டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருப்பதாக யுனிசெஃப் 2020இல் மதிப்பிட்டது. அந்த அளவில் காய்ச்சல் இல்லை, வலி இல்லை. கற்கும் திறன் குறைகிறது, கவனம் குறைகிறது. அதைப் பள்ளியில் மந்தம் என்று எழுதுவார்கள்.

இரத்தத்தில் இருக்கும் ஈயம் சுமார் ஒரு மாதத்தில் பாதியாகும். அதனால் திருவிழா முடிந்து சில மாதங்கள் கழித்து எடுக்கும் பரிசோதனை நல்ல செய்தி சொல்லக்கூடும். வெளியேறாத பங்கு எலும்புக்குள் போகிறது. உடல் அதைக் கால்சியம் போலவே நடத்துகிறது. அங்கே அது பல பத்தாண்டுகள் தங்கும். கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் தாயின் எலும்பு கால்சியத்தை விடும்போது ஈயத்தையும் சேர்த்து விடுகிறது. அது நஞ்சுக்கொடியைக் கடக்கும்.

ஐந்து வயதில் அப்பாவின் பட்டறைத் தரையில் விளையாடிய பெண்ணுக்கு இருபத்தைந்து வயதில் இது நடக்கலாம்.