கேஜ் வீதியில் ஒரு துண்டு பாண்

பொகவந்தலாவையில் எங்கள் லயத்து வீட்டில் பாண் மீந்ததே கிடையாது. மீந்தால்தானே மறுநாள் அதை என்ன செய்யலாம் என்ற யோசனை வரும். நாள்பட்ட பாணை முட்டையும் பாலும் கலந்த கரைசலில் தோய்த்துப் பொரித்தெடுக்கும் பொம்பே டோஸ்டை நான் முதன்முதலில் தின்றது, படிக்க ஹட்டனுக்குப் போன பிறகுதான். அதே பண்டத்துக்காக ஒரு நகரத்தின் நடுவில் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள் என்பதை, ஹொங்கொங்கில் கப்பல் சரக்கு நிறுவனமொன்றில் வேலைக்குச் சேர்ந்தபோதுதான் கண்டேன்.

அங்கே அதன் பெயர் சாய் டோ சி. 'பிரெஞ்ச் டோஸ்ட்' என்பதைக் கன்டோனீஸ் நாக்கு தன் வசதிக்கு வளைத்துச் சுருக்கிக்கொண்ட பெயர். நான் சனிக்கிழமை தோறும் போன கடை, சென்ட்ரல் பகுதியின் கேஜ் வீதி 2ஆம் இலக்கத்தில் இருக்கும் லான் ஃபோங் யூன். 1952இல் தெருவோரத் தகரக் கடையாகத் தொடங்கியது. அந்தப் பச்சைத் தகரக் கடையை இன்றும் வாசலிலேயே வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டி உள்ளே போனால்தான் மேசைகள். பக்கத்திலேயே மலைச்சரிவில் ஏறும் நகரும் படிக்கட்டு. காலையில் வேலைக்கு வருகிறவர்களை இறக்கிவிட்டு, பத்து மணிக்குமேல் திசை மாறி மேல்நோக்கி ஓடும். நான் போவது அந்தப் பத்து மணி வாக்கில்தான். காலைச் சாப்பாடென்றும் சொல்ல முடியாது, பகல் சாப்பாடென்றும் சொல்ல முடியாது.

உள்ளே தனிமேசை கேட்க முடியாது. எங்கே ஓர் இடம் காலியோ அங்கே உட்கார வைப்பார்கள். எதிரில் ஒரு கிழவர் செய்தித்தாளில் மூழ்கியிருப்பார், பக்கத்தில் இரண்டு பள்ளிப் பிள்ளைகள். யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அது அவமதிப்பல்ல, அங்கத்தைய வழக்கம்.

சாய் டோ சி வந்ததும் முதலில் கண்ணில் படுவது, மேலே வைத்த பட்டர் துண்டு. சூட்டில் அது ஓரமாகச் சரிந்து, பொன்னிறப் பரப்பில் ஈரத்தடம் போட்டுக்கொண்டே இறங்கும். அதன்மேல் பாகு ஊற்றிக் கத்தியை வைத்தால் முதலில் ஒரு மெல்லிய 'கறுக்'. அதற்கப்புறம் எதிர்ப்பே இருக்காது, பஞ்சுபோல இறங்கிவிடும். ஓரம் நீக்கிய இரண்டு வெள்ளைப் பாண் துண்டுகள், நடுவே பூச்சு. பெரும்பாலான கடைகளில் கடலை பட்டர் பூசுவார்கள். இந்தக் கடையின் பெயர்போன வகையில் காயா. தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனியும் சேர்த்து மெல்லிய தீயில் கிண்டிய பதார்த்தம் அது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம்மவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காயாவில் வழக்கமாகப் போடுவது நாம் கறிக்குப் போடும் அதே ரம்பை இலை. முதல் வாயிலேயே அந்த வாசனையைப் பிடித்துவிட்டேன்.

பிரெஞ்ச் டோஸ்ட் என்ற இந்தப் பண்டம் மிகப் பழையது. ஓரம் நீக்கிய வெள்ளை ரொட்டியைப் பாலில் ஊறவைத்துப் பொரித்து மேலே தேன் ஊற்றும் முறை, அப்பிசியஸ் என்ற ரோமானியச் சமையல் நூலிலேயே இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் இதை 'இழந்துபோன ரொட்டி' என்ற பொருளில் 'பாங் பெர்து' என்கிறார்கள். ஜெர்மனியில் 'ஏழை வீரர்கள்' என்று பெயர். பெயரிலேயே வறுமை தெரிகிறது. வீணாகப்போகும் ரொட்டியை மீட்டெடுக்கும் வேலை இது. காய்ந்த ரொட்டி உடையாமல் கரைசலை உறிஞ்சும், உள்ளே போன முட்டை சூட்டில் இறுகும். நம்முடைய பொம்பே டோஸ்டும் இந்த வழிதான்.

ஹொங்கொங் வழி வேறு. புது, மென்மையான பாணை எடுத்து, ஊறவிடாமல் அடித்த முட்டையில் புரட்டி, நிறைய எண்ணெயில் பொரிக்கிறார்கள். முட்டை வெளியே தோலாகிவிடும், உள்ளே பாண் பாணாகவே இருக்கும். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு மேல்நாட்டுச் சாப்பாடு பெரிய உணவகங்களுக்குள் அடைந்து கிடந்தது. போருக்குப் பிந்திய வருடங்களில் அதைச் சாதாரணத் தொழிலாளியின் கைக்காசுக்குள் கொண்டுவந்தவை 'சா சான் தெங்' எனப்படும் தேநீர்க் கடைகள். அந்தக் கடைக்காரர்களிடம் சட்டியும் எண்ணெயும் டின்பாலும் இருந்தன. அவற்றைக் கொண்டே சாய் டோ சியைச் செய்தார்கள்.

இப்போது நகரத்தின் புதுக் கடைகளில் உப்பிட்ட முட்டைக் கரு, ஓவல்டின், கறுப்பெள், சேப்பங்கிழங்கு என்று எதையெல்லாமோ உள்ளே வைக்கிறார்கள். சிலவற்றைத் தின்று பார்த்தேன். வெட்டினால் வழிந்தோடும், படமெடுக்க நன்றாக இருக்கும். நான்காவது வாயில் திகட்டிவிடுகிறது. காயா வைத்ததை மட்டும் கடைசித் துண்டுவரை தின்ன முடிந்தது.

அதற்குப் பாதிக் காரணம் தேத்தண்ணி. லான் ஃபோங் யூன் சாய் டோ சியைவிட அதிகம் பேர் வாங்கியது பால் தேத்தண்ணியில்தான். நீண்ட துணிப்பைக்குள் தேயிலையைப் போட்டு, கொதிநீரை ஊற்றி வடித்து, வடித்ததை உயரத் தூக்கி மறுபடி அதே பைக்குள் ஊற்றுவார்கள். பலமுறை. தேயிலைச் சாயம் ஏறிய அந்தப் பை பெண்களின் பட்டுக் காலுறையைப் போலத் தெரிவதால் 'பட்டுக் காலுறைத் தேநீர்' என்றே பெயர் வந்துவிட்டது. வாசனைக்குப் பருவெட்டு இலை, நிறத்துக்கும் கடுப்புக்கும் தூள் என்று கலந்து போடுகிறார்கள். சீனியில்லாத கெட்டிப் பால் சேர்த்த பிறகும் துவர்ப்பு நாக்கில் நிற்கும். எண்ணெயும் இனிப்பும் ஏறிய வாயை அது கழுவிவிடும். 2017இல் இந்தத் தேநீர் தயாரிக்கும் கலையைத் தன் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் ஹொங்கொங் சேர்த்தது.

அந்தத் தேயிலைக் கலவைகளுக்கு அடிப்படை இலங்கைத் தேயிலை. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தேத்தண்ணி தொண்டையில் நின்றது. அம்மா முப்பத்திரண்டு வருடம் கொழுந்து பறித்தவர். அன்றிரவே போனில் சொன்னேன். "பாண தேத்தண்ணியில தொட்டுத் திங்கிறது பத்தாம, எண்ணெயில வேற பொரிக்கிறாங்களா தம்பி?" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "நம்ம தூளுன்னு அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

கடைக்காரருக்குத் தெரியும். எதிரில் உட்கார்ந்து குடிக்கிறவருக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

லீவில் வந்தபோது அம்மாவுக்குச் செய்து கொடுத்தேன். முதல் முறை பழைய பழக்கத்தில் பாணை ஊறவிட்டுவிட்டேன். சட்டியில் போட்டதும் வாய் பிளந்து காயா எண்ணெயில் கலந்தது. மறுமுறை பூச்சை ஓரம்வரை பூசாமல் ஒரு விரலகலம் விட்டு, விளிம்பை அழுத்தி ஒட்டி, நான்கு பக்கமும் முட்டையில் புரட்டிப் போட்டேன். பிளக்கவில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். பக்கத்தில் சீனி போடாத கடும் தேத்தண்ணி ஒரு கிளாஸ் கட்டாயம் இருக்கட்டும்.