இராமேசுவரத்துச் சிலந்தியின் பெயர்

தில்லியில் படிவம் நிரப்பும் தமிழருக்குக் குடும்பப் பெயர் என்னும் கட்டம் வந்ததும் எழுதுகோல் நின்றுவிடும். தந்தையின் பெயரை முன்னெழுத்தாக இடும் நமக்குக் குடும்பப் பெயர் ஏது? விலங்கியலாருக்கு இச்சங்கடம் இல்லை. ஒவ்வோர் உயிருக்கும் முதலில் பேரினப் பெயரையும் அடுத்துச் சிற்றினப் பெயரையும் இட்டுவிடுகின்றனர்.

அவ்வாறு பெயர்பெற்றவற்றுள் ஒன்று, இராமேசுவரத் தீவில் முதிய மரங்களின் பொந்துகளில் வாழும் பெருஞ்சிலந்தி. 'பொயெசிலோத்தீரியா அனுமவிலாசுமிகா' என்று அதற்கு 2004-இல் பெயரிட்டவர் ஆண்ட்ரூ ஸ்மித். முற்பகுதி கிரேக்கம், பலநிற விலங்கு எனப் பொருள்படும். பிற்பகுதி அத்தீவின் அனுமன் கோயிலொன்றின் பெயரால் அமைந்தது. (எட்டுக்காற் பூச்சி என நாம் வழங்கினும் சிலந்தி பூச்சியன்று, பூச்சிக்குக் கால் ஆறே.)

இப்பேரினம் இந்தியாவிலும் இலங்கையிலுமன்றி வேறெங்கும் இயற்கையில் இல்லை. இலங்கைச் சிலந்தி ஒன்றை 1804-இல் பிரெஞ்சு அறிஞர் லத்ரேல் விவரித்தபோது 'மைகேல்' என்னும் பேரினத்தில் சேர்த்தார். 1885-இல் சிமோன் அதனைப் பிரித்துப் பொயெசிலோத்தீரியா எனத் தனிப் பேரினம் கண்டார். 1899-இல் போகாக் என்பவர் மேலும் சில சிற்றினங்களை விவரித்தார். அவற்றுள் ஒன்று ஆந்திரத்துக் குத்தியில் கிடைத்த நீலச் சிலந்தி. அதன்பின் அஃது ஏறத்தாழ நூறாண்டு எவர் கண்ணிலும் படவில்லை.

சிற்றினங்களைப் பிரித்தறிவது எளிதன்று. கால்களின் அடிப்புறத்து மஞ்சளும் கருமையும் முதல் அடையாளம். ஆனால் குஞ்சின் நிறம் வேறு, முதிர்ந்த ஆணின் நிறம் வேறு. ஆகவே பெண் சிலந்தி உரித்த சட்டையை நீரில் நனைத்து விரித்து, அதில் ஒட்டியிருக்கும் விந்துப்பையின் வடிவத்தையும் பார்க்கின்றனர். சிலந்தியைக் கொல்லாமலே ஆய இஃதொரு நல்ல வழி.

இராமேசுவரத்துச் சிலந்தி மிகவும் அழியும் நிலையிலுள்ளதென 2008-இல் மதிப்பிடப்பட்டது. 2015-இல் அதே சிலந்தி மன்னாரிலும் அறியப்பட்டது. பனியூழியில் கடல்மட்டம் தாழ்ந்து இருகரையும் நிலத்தால் இணைந்திருந்தன. எனவே அது கடலைக் கடந்திருக்க வேண்டுவதில்லை.

அழகுக்காக இவற்றை வளர்ப்போர் மேனாடுகளில் உண்டு; அதனால் விலை மிகுதி. 2019-இல் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் வந்தது. விமான நிலையத்துச் சுங்க அதிகாரி விந்துப்பையை ஆராய வேண்டியதில்லை; பேரினத்தை அறிந்தால் போதும். ஆனால் உள்ளூரில் புளியமரத்தை வெட்டும் கோடரிக்கு அக்கட்டுப்பாடு இல்லை.

இராமேசுவரம் செல்லும் நேயர்கள் மரப்பொந்தில் கைவிட வேண்டா. இப்பேரினத்தின் கடியால் எவரும் இறந்ததாகச் செய்தி இல்லையெனினும், தசைப்பிடிப்பு சில நாள் வருத்தும்.