பத்தாம் வகுப்பிற்குப் பின் எந்தப் பாதை?

நுழையும்முன்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவந்ததும் வீடுதோறும் ஒரே வினா எழுகின்றது: பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு? விடையைச் சில நாள்களுக்குள் சொல்லியாக வேண்டும். பதினைந்து, பதினாறு வயதில் எடுக்கும் இம்முடிவில் மாணவரின் மனமும் அவரைச் சூழ்ந்த சமூகமும் பங்கு கொள்கின்றன. அப்பங்கு எத்தகையது என்பதை இப்பாடம் விளக்குகின்றது.

அகக் காரணங்கள்

ஆர்வம், திறன், தன்திறன் நம்பிக்கை ஆகிய மூன்றும் அகத்திலிருந்து செயற்படுவன. ஆர்வம் என்பது ஒன்றை விரும்பிச் செய்தல். திறன் என்பது அதனை நன்கு செய்யும் ஆற்றல். இவ்விரண்டையும் நாம் அறிவோம். மூன்றாவதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ‘இதனை என்னால் செய்ய இயலும்’ என ஒருவர் தம்மைப் பற்றிக் கொண்டுள்ள நம்பிக்கையே தன்திறன் நம்பிக்கை. உளவியலறிஞர் ஆல்பர்ட் பண்டூரா 1977ஆம் ஆண்டு இக்கருத்தை விரிவாக விளக்கினார்.

கணிதத் தேர்வில் நூற்றுக்கு 60 மதிப்பெண் பெற்ற இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர், “வடிவியலில் தவறிவிட்டேன், அடுத்த முறை திருத்திக்கொள்வேன்” என்கிறார். மற்றவர், “எனக்குக் கணக்கு வராது” என்கிறார். மதிப்பெண் ஒன்றே. ஆயினும் முதலாமவர் கணிதப் பிரிவைப் பற்றிச் சிந்திப்பார். இரண்டாமவர் அதனை அன்றே கைவிடுவார்.

இந்நம்பிக்கை நான்கு வழிகளில் வளர்கின்றது அல்லது தேய்கின்றது என்பார் பண்டூரா. தாமே முயன்று பெற்ற வெற்றி, தம்மைப் போன்றவர் வெற்றி பெறுவதைக் காணுதல், பிறர் கூறும் ஊக்கமொழி, அவ்வேளையில் உடலும் மனமும் இருக்கும் நிலை என்பன அவை. இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது. ஆகவே, “உன்னால் முடியும்” எனப் பலமுறை கூறுவதைக் காட்டிலும், ஒரு சிறு பணியைக் கொடுத்து முடிக்கச் செய்வதே மிகுந்த பயன் தரும். தேர்வறையில் கை நடுங்கினால் அதனைத் திறமைக் குறைவு எனச் சிலர் எண்ணிவிடுகின்றனர். அது பதற்றத்தின் அடையாளமேயன்றித் திறமையின் அளவுகோல் அன்று.

புறக் காரணங்கள்

புறக் காரணங்களுள் முதன்மையானது குடும்பம். பெற்றோரின் நிறைவேறாத விருப்பம், அண்ணனோ அக்காவோ படித்த படிப்பு, வீட்டின் பொருள்நிலை ஆகியன முடிவை வழிநடத்துகின்றன. கடன் சுமை உள்ள வீட்டு மாணவர் விரைவில் ஊதியம் தரும் தொழிலை நாடுவது இயல்பு. அதனைக் குறுகிய நோக்கு எனக் கூறுதல் பொருந்தாது. உதவித்தொகை, கல்விக்கடன் போன்ற வாய்ப்புகளை அறியாமல் அம்முடிவை எடுத்தலே வருந்தத்தக்கது.

அடுத்தது, கண்ணில் படும் தொழில்கள். அரசுக் குடியிருப்பில் வளரும் மாணவர் அலுவலர், மருத்துவர், பொறியாளர், ஆசிரியர் ஆகியோரை நாள்தோறும் காண்கின்றனர். தொல்லியலாளர், புள்ளியியலாளர், பிசியோதெரபிஸ்ட், மொழிபெயர்ப்பாளர் ஆகியோரைக் காண்பது அரிது. காணாத தொழிலில் ஆர்வம் எவ்வாறு பிறக்கும்?

மூன்றாவது, நண்பர்களும் ஊர்ப் பேச்சும். நண்பர் சேர்ந்த பிரிவில் தாமும் சேர்வோர் பலர். ராஜஸ்தானின் கோட்டா நகரில் ஜே.இ.இ., நீட் தேர்வுகளுக்குப் பயிற்சி பெறப் பல மாநில மாணவர்கள் வீட்டைவிட்டுச் சென்று தங்குகின்றனர். விரும்பிச் செல்வோரும் உளர். ‘எல்லோரும் செல்கின்றனர்’ என்பதற்காகச் செல்வோரும் உளர். இளம் வயதில் இத்தகைய அழுத்தம் கூடாது என்பதால், 16 வயது நிரம்பாதோரைப் பயிற்சி மையங்களில் சேர்க்கலாகாது என மத்திய கல்வி அமைச்சகம் 2024ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

நான்காவது, ஆண் தொழில், பெண் தொழில் என்னும் பாகுபாடு. குழந்தைகள் மிக இளமையிலேயே ‘இது எனக்குரியதன்று’ எனச் சில தொழில்களை விலக்கிவிடுகின்றனர் என்பதை லிண்டா காட்ஃப்ரெட்சன் என்னும் அறிஞர் 1981இல் எடுத்துரைத்தார். சில வேளைகளில் விதிகளே தடையாக நின்றன. தேசியப் பாதுகாப்பு அகாதெமியின் நுழைவுத்தேர்வைப் பெண்கள் எழுத 2021ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் வழிவகுத்தது. 2022இல் சேர்ந்த முதல் அணிப் பெண்கள் 17 பேர் 2025 மே மாதம் அங்குப் பயிற்சியை நிறைவு செய்தனர். தம்மைப் போன்றவர் வெற்றி பெறுவதைக் கண்ட மாணவியர்க்கு இனி அத்தொழில் அயலானதன்று.

அகமும் புறமும் இணைதல்

இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் வாழ்வில் இவ்விரண்டும் இணைந்து நிற்பதைக் காணலாம். பள்ளி ஆசிரியர் பறவை பறக்கும் விதத்தை விளக்கியபோது ஆர்வம் பிறந்தது. சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேரப் பணமின்றித் தவித்தபோது தமக்கையின் நகைகள் அடகு வைக்கப்பட்டுக் கட்டணம் செலுத்தப்பட்டது. டேராடூனில் நடந்த விமானப்படைத் தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்து வாய்ப்பை இழந்தார். விமானியாகும் விருப்பம் நிறைவேறவில்லை. வானூர்தி அறிவோ ஏவுகணைத் துறையில் பயன்பட்டது. ஒரு வாயில் அடைபட்டாலும் கற்ற கல்வி வேறொரு வாயிலில் துணை நிற்கும் என்பதற்கு இது சான்று.

முடிவெடுக்குமுன்

விரும்பும் தொழிலுக்கு எப்பாடங்கள் இன்றியமையாதவை என்பதை முதலில் அறிக. தேசியப் பாதுகாப்பு அகாதெமியின் தரைப்படைப் பிரிவிற்கு எந்தப் பிரிவில் பயின்றோரும் விண்ணப்பிக்கலாம். வான்படை, கடற்படைப் பிரிவுகளுக்கு இயற்பியலும் வேதியியலும் கணிதமும் தேவை. ஐந்தாண்டுச் சட்டப் படிப்பிற்கு எந்தப் பிரிவும் தடையன்று. இத்தகைய செய்திகளை அறியாமல் ஒரு பிரிவை வெறுப்பதோ விரும்புவதோ முறையன்று. அடுத்து, அத்தொழிலில் உள்ள ஒருவரிடம் அவர்தம் ஒரு நாள் பணியைக் கேட்டறிக. பெற்றோரின் கருத்து வேறாயின், மறுத்துப் பேசுமுன் அவர்தம் அச்சம் யாதெனக் கேளுங்கள். செலவைப் பற்றிய அச்சத்திற்கும் பாதுகாப்பைப் பற்றிய அச்சத்திற்கும் விடைகள் வெவ்வேறு. தேவையாயின் வகுப்பாசிரியரையோ பள்ளி ஆலோசகரையோ உடன் வைத்துப் பேசலாம்.

சொற்பொருள்

அகம் – உள்ளம்
தமக்கை – அக்கா
அயலானது – தொடர்பற்றது
இன்றியமையாதவை – கட்டாயம் தேவைப்படுபவை

பயிற்சி

1. தன்திறன் நம்பிக்கை என்றால் என்ன?
2. அந்நம்பிக்கை வளரும் நான்கு வழிகள் யாவை? ஒவ்வொன்றிற்கும் உம் வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.
3. ‘காணாத தொழிலில் ஆர்வம் எவ்வாறு பிறக்கும்?’ – இவ்வினாவை விளக்கி ஒரு பத்தி எழுதுக.
4. செயல்பாடு: உம் குடும்பத்தில் மூன்று தலைமுறையினர் செய்த தொழில்களைப் பட்டியலிடுக. அவற்றை அவர்கள் விரும்பித் தேர்ந்தனரா, சூழலால் ஏற்றனரா எனக் கேட்டு எழுதுக.
5. திருக்குறளின் ‘தெரிந்துசெயல்வகை’ அதிகாரத்தைப் படித்து, இப்பாடக் கருத்துகளுடன் ஒப்பிட்டு வகுப்பில் உரையாடுக.